பெட்டிமேல் இரண்டெழுத்து

காலையில் எழுந்ததும் ஜூட் பால் காய்ச்சுவான். ஒரு டம்ளர் காப்பி போடுவான். பிறகு மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும் அட்டைப்பெட்டியைத் துடைப்பான். துடைப்பதோடு சரி, திறப்பதில்லை.

பெட்டியின் மேல் கறுப்பு மார்க்கரில், அவனுக்குப் படிக்கத் தெரியாத இரண்டே எழுத்து. லின்சி எழுதியது.

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஒன்றில் அவள் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். ஜப்பானிய மொழி தெரியும். ஜப்பான் இயந்திரத்தைக் கழற்றிவிட்டுச் சீன இயந்திரம் வைத்ததும் சீனமும் படித்தாள். "ரெண்டுக்கும் எழுத்து ஒண்ணுதாங்க, பாதி வேலை மிச்சம்" என்பாள். இயந்திரம் பூட்ட வருகிறவர்கள் இவர்கள் வீட்டு மாடியில்தான் தங்குவார்கள்.

கடைசி இரண்டு நாளும் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை. எதற்கு வந்தது என்று இப்போது நினைவில்லாத ஒரு சண்டை. மூன்றாம் நாள் காலை அவளே போன் செய்தாள். அவன் சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தான். ஹார்ன் இரைச்சலில் துண்டு துண்டாகத்தான் கேட்டது.

"...தீர்ந்துபோச்சு... பெட்டி மேல எழுதியிருக்கேன்... பாத்துக்கோங்க."

மதியத்துக்குள் கொள்ளிடம் பாலத்தில் அவள் ஸ்கூட்டர் மேல் ஒரு லாரி ஏறிவிட்டது.

அந்த எழுத்தைப் படம் எடுத்து அல்ஷிஃபாவுக்கு அனுப்பினான். லின்சியிடம் ஜப்பானிய மொழி படித்த பெண். "கடிதம்னு அர்த்தம்ண்ணா" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

கடிதம். அதில் என்ன தீர்ந்துபோச்சு என்று எழுதியிருக்கிறாள்? கோபமா, அவனோடு வாழ்ந்ததா? தூக்கினால் பெட்டி கனக்கவில்லை. குலுக்கினால் உள்ளே காகிதம் அசைவதுபோல் கேட்டது. பிரித்தால் தெரிந்துவிடும். அதனாலேயே ஒரு வருடமாகப் பிரிக்கவில்லை.

அன்று அவன் துடைத்து முடிப்பதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அல்ஷிஃபா இறங்கினாள். ஆலையில் லின்சியின் வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். பின்னால் சூட்கேஸோடு ஒரு சீனர்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. மெஷின் நின்னுபோச்சு, இவர் மிஸ்டர் சென், சரிபண்ண வந்திருக்கார். ஸ்ரீரங்கத்துல ஏகாதசிக் கூட்டம், லாட்ஜெல்லாம் ஃபுல். ரெண்டு நாளைக்கு மாடியைக் குடுங்க."

"அது பூட்டியே கெடக்கும்மா. ஒரே தூசி."

"தூசியெல்லாம் அவர் பாக்க மாட்டார். நேத்து நம்மூர் பரோட்டா சால்னாவை ஒரு புடி புடிச்சிருக்கார். இப்ப ரூமைவிட பாத்ரூம்தான்ண்ணா அவசரம்."

சென் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார். ஜூட் சாவியை நீட்டினான்.

இரண்டு இரண்டு படியாக ஏறிய சென், திருப்பத்தில் சட்டென்று நின்றார். பெட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஜூடை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பர்ரென்று டேப்பைக் கிழித்தார்.

"யோவ்! அதைத் தொடாதய்யா!"

ஜூட் பாய்ந்து ஏறுவதற்குள், ஒரு வெள்ளைக் காகித உருளையோடு சென் மேலே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெட்டிக்குள் மீதி உருளைகள் இருந்தன. ஜூட் ஒவ்வொன்றாக எடுத்துப் படியில் வைத்தான். அடி அட்டை தெரிந்தது. அதற்குக் கீழும் தடவிப் பார்த்தான்.

அல்ஷிஃபா மூடியிலிருந்த எழுத்தை இன்னொரு முறை படித்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அண்ணா... அப்ப எனக்கு ஜப்பானீஸ் மட்டும்தான் தெரியும்."

"சொல்லு."

"ஜப்பான்காரங்க படிச்சா இது கடிதம். சீனாக்காரங்க படிச்சா..." படியிலிருந்து ஒரு உருளையை எடுத்துக் காட்டினாள். "இதுதான்ண்ணா. மேடம் மாடியில தங்குறவங்களுக்காக எழுதியிருக்காங்க."

மேலே தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

ஜூட் உருளைகளுக்கு நடுவே படியில் உட்கார்ந்தான். அன்று ஹார்ன் விழுங்கிய வார்த்தைகள் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வந்து விழுந்தன. அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. எந்த நாளும் பேசுவதுபோலத்தான் பேசியிருந்தாள்.

"ஏங்க, மாடி பாத்ரூம்ல பேப்பர் தீர்ந்துபோச்சு, புதுப் பெட்டி மேல எழுதியிருக்கேன், வர்றவங்களைக் கொஞ்சம் பாத்துக்கோங்க."