மாற்றாள்

உள்ளங்கால் சுட்டது.

குனிந்து பார்த்தான். செருப்பு இரண்டும் பக்கத்தில் தனியாகக் கிடந்தன. உச்சிவெயிலில், கோட்டை முற்றத்துக் கல்லில், அவன் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தான்.

எப்போது கழற்றினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

சற்றுமுன்தான் சிறைக் கதவைத் திறந்து பாளையக்காரரை வெளியே கொண்டுவந்திருந்தார்கள். கையில் விலங்கு. மீசையை மழித்துவிட்டிருந்தார்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவன் கால்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டன.

பாளையத்தில் அவர் முன்னால் யாரும் செருப்புப் போட்டு நின்றதில்லை. இவன் அப்பன் நின்றதில்லை. அப்பனுக்கு அப்பன் நின்றதில்லை.

ஆனால் இன்று அவன் பாளையத்து ஆள் இல்லை. வெள்ளைக்காரன் படைச் சிப்பாய். கைதியை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பெரிய கோட்டைக்குக் கொண்டுபோக வந்த ஆறு பேரில் ஒருவன். அங்கே தூக்குமரம் நட்டு வைத்திருந்தார்கள். நிஜமாகவே அந்த வேலைக்கு வந்த சிப்பாய்களை நேற்று ஆற்றங்கரையில் மடக்கி, மணலில் புதைத்தாகிவிட்டது. அவர்களுடைய சிவப்புச் சட்டைகள்தான் இவர்கள் மேல் இருந்தன.

அவரை மீட்கும் திட்டமே அவனுடையது. பனங்காட்டில் வைத்து மற்ற ஐந்து பேரையும் பழக்கியவன் அவன்தான். ஒருவனைப் பாளையக்காரராக நிற்க வைத்து, அவன் முன்னால் செருப்போடு நிமிர்ந்து நடக்கச் சொன்னான். செருப்புக் கழன்ற காலிலெல்லாம் பனைமட்டையால் போட்டான். அவரைப் பார்க்காதே, சுவரைப் பார் என்று தொண்டை வறளக் கத்தினான்.

ஐந்து பேரும் இப்போது ஒழுங்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாத்தியார்தான் தேறவில்லை.

கோட்டைக் காவலுக்குப் பொறுப்பான அவில்தார் செருப்பைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"ஏலே, நீ இவரு பாளையத்துக்காரனா?"

பொய் சொல்லிப் பயனில்லை.

"ஆமா. எங்கப்பன் இவருகிட்டச் சேவகம் பாத்தாரு."

பக்கத்தில் நின்ற கொம்பையாவின் கை துப்பாக்கியை இறுக்கியது. கொம்பையா அவன் தங்கை புருசன், அவசரக்காரன். வேண்டாம் என்று அவன் மெல்லத் தலையசைத்தான். மதில் நெடுகச் சிப்பாய்கள் நின்றார்கள். இங்கே ஒரு வெடி வெடித்தால் முதலில் விழுவது அவராகத்தான் இருக்கும்.

அவில்தார் சிரித்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை.

"பழகின காலு. அது என்ன செய்யும்? ஆனா வழியில உன் மனசு எளகிட்டுன்னா என் தலைல்லா போகும். நீ இங்கனயே இரு. ஏ மாடக்கண்ணு, இவனுக்குப் பதிலா நீ போ. ஆத்துல படகு ஏத்திவிட்டுட்டுத் திரும்பி வந்திரு."

முதலில் அவனுக்கு நிம்மதிதான் வந்தது. அவர் போகிறார். கோட்டைக் கதவைக் காவல்காரர்களே திறந்துவிடப் போகிறார்கள்.

அடுத்து, ஆற்றுக்குப் போகும் வழியில் இருக்கும் ஓடைத் திருப்பம் ஞாபகம் வந்தது.

அதுவும் அவன் சொன்னதுதான். கோட்டை ஆள் எவனாவது கூட வந்தால் அவன் ஓடைத் திருப்பத்தை உயிரோடு தாண்டக் கூடாது. கத்தி போதும், சத்தம் வேண்டாம். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தான்.

மாடக்கண்ணு காவல் கொட்டகை நிழலில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தான். நரை விழுந்து தொந்தி போட்ட ஆள். முனகிக்கொண்டே எழுந்து இடுப்பு வாரைக் கட்டினான். துப்பாக்கியைத் தோளில் போட்டான். வெயிலை அண்ணாந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். பிறகு அகப்பையைக் கொண்டுவந்து இவன் கையில் கொடுத்தான்.

"கொஞ்சம் கிண்டி விடுங்க அண்ணாச்சி. அடிப்பிடிச்சிரப் போவுது. பொழுது சாய வந்திருவேன்."

அவன் வாயைத் திறந்தான்.

போகாதே. ஒரு வார்த்தை போதும். ஏன் என்று அவில்தார் கேட்பார். அத்தோடு எல்லாம் முடிந்துவிடும்.

"உப்புப் போட்டாச்சா?" என்று கேட்டான்.

"போட்டாச்சு, போட்டாச்சு."

பாளையக்காரர் அவனைத் தாண்டிப் போனார். விலங்குச் சத்தமும் கூடவே போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதுதான். பார்த்திருந்தால் மனதுக்குள் அவனே திட்டியிருப்பான். ஆனாலும் ஒரு தடவை பார்த்திருக்கலாம் என்று இருந்தது.

கொம்பையா பார்த்தான்.

நில், ஓடு, சுடு என்று எல்லாவற்றுக்கும் கண்ணால் சைகை பழகியிருந்தார்கள். கொல்லாமல் விட்டுவிடு என்பதற்கு மட்டும் பழகியிருக்கவில்லை.

மாடக்கண்ணு கடைசி ஆளாக நடந்தான்.

கதவு சாத்தப்பட்டது. குறுக்குக் கட்டை விழுந்தது.

ஜெயித்தாகிவிட்டது.

அவன் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து கிண்டினான். பொழுது சாயும். மாடக்கண்ணு வர மாட்டான். யாராவது தேடிப் போவார்கள், கண்டுபிடிப்பார்கள், பிறகு இவனிடம் வருவார்கள். தனக்கு வரப்போவதை அவனால் நினைத்துப் பார்க்க முடிந்தது. அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அண்ணாச்சி என்று கூப்பிட்ட குரலைத்தான் தாங்க முடியவில்லை.

கஞ்சி கொதித்தது. விறகை வெளியே இழுத்தான்.

அவில்தார் ஒரு மண்சட்டியோடு வந்து எதிரில் குந்தினார்.

"மாடக்கண்ணுக்கும் எடுத்து வச்சிரு. பசியோட வருவான்."

அவன் அகப்பையை அடிவரை விட்டு, கெட்டியாக எடுத்து வைத்தான்.