குளிர்தொட்டிக்கு வந்த காலடி

ஆய்வகத் துகள்முடுக்கியின் பழைய குளிர்தொட்டிக்கு இரும்புக்காரர் சொன்ன விலை, அதிர்வு அளப்பவரின் இரண்டு மாதச் சம்பளம். திரவ ஹீலியத்தில் குளிர்ந்து கிடக்கும் அந்தத் தொட்டி, கூடத்தில் யார் நடந்தாலும் நடுங்கும். பக்கத்து அறைத் திரையில் கோடு துள்ளும். அவர் மனைவியும் இங்கே வேலை பார்த்த நாட்களில், இடதுகாலைச் சற்று இழுத்து அவள் வருவதைத் திரையிலேயே கண்டுகொண்டு, "மகாராணி எழுந்தருளியாச்சு" என்பார்.

"அளக்கச் சொன்னா வேவு பாக்கறீங்களே" என்பாள்.

அவள் இறந்து மூன்று வருடமாகிறது.

இன்று மத்தியானம் கடைசி அளவை. கையெழுத்துப் போட்டால் ஹீலியத்தை வெளியேற்றித் தொட்டியை லாரியில் ஏற்றிவிடுவார்கள். கூடத்தைப் பூட்டிய சாவி அவர் பையில் இருந்தது. கோடு துள்ளியது: ஓர் அடி அழுத்தி, ஓர் அடி இழுத்து.

"சார், துரு புடிக்கறதுக்குள்ள கையெழுத்து வருமா?" என்றார் இரும்புக்காரர்.

"பொறுங்க. உள்ள ஆள் இருக்கு."

பேனாவை மூடிவிட்டு எண்ணினார். வரவு நாற்பத்தோரு அடி. திரும்பிப் போனதாக ஒன்றும் பதியவில்லை.