மரியாதை தெரிந்த சார்ஜர்

பழைய இரும்புக்காரன் வருவதற்குள் ரேடியோவின் அறுந்த ஒயரைப் பற்றவைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது அவன் சாக்குக்குத்தான். ஈயத்தை உருக்கி ஒட்டும் யூஎஸ்பி சால்டரிங் கோல் தனக்குக் கரண்ட் கொடுக்க ஆள் தேடியது.

"அறுபத்தஞ்சு வாட் தர்றேன். வேணும்னா சொருகு," என்றது பெரிய சார்ஜர்.

கோலுக்குச் சுருக்கென்றது. "திமிரப் பாரு."

"நான் அஞ்சு வாட்தாண்ணே. ஆனா உங்க பேச்சத் தட்டமாட்டேன்," என்றது பழைய போன் சார்ஜர். கோல் அதையே சேர்த்துக்கொண்டது.

முனை பட்டும் ஈயம் உருகவில்லை. "கூசுதுண்ணே," என்று ஈயம் நெளிந்தது.

"கல்நெஞ்சுக்காரா," என்று கோல் அதைத் திட்டித் தீர்த்தது.

"சார்ஜரை மாத்துங்கண்ணே," என்று ரேடியோ கெஞ்சியது.

"மரியாதை தெரிஞ்சவனை எப்படி மாத்துறது?"

சாயங்காலம் ரேடியோவும், வேலைக்கு ஆகாத கோலும் சார்ஜரும் ஒரே சாக்கில் ஏறின.

"சூடு போதுமாண்ணே?" என்று சாக்குக்குள்ளும் சார்ஜர் பணிவாகக் கேட்டது.

"போதும் தம்பி," என்றது கோல்.