முதல் சீட்டே துருப்பு

“இன்னிக்கு எடுத்த எடுப்பிலேயே துருப்புதான், ஜகதா. நீ பேசாம வேடிக்கை பாரு” என்றார் சுப்ரமணியன், ஜிப்பாவின் கையை மடித்துவிட்டபடி.

சொன்ன இடம் சீட்டு மேஜை இல்லை. வைட்ஃபீல்டில் அவர்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்ட்டின் அசோசியேஷன் கூட்டம். அன்று செக்ரட்டரி தேர்தல். சுப்ரமணியனை எதிர்த்து நிற்பவர் மூன்றாம் மாடி கிருஷ்ணப்பா. அவர் ஜெயித்தால் சீட்டு அறையை ஜும்பா டான்ஸ் ஹாலாக மாற்றிவிடுவார் என்று பேச்சு. சுப்ரமணியனும் மனைவி ஜகதாம்பாளும் ஜோடி சேர்ந்து தினமும் பிரிட்ஜ் ஆடுவது அந்த அறையில்தான். அது போய்விட்டால் மனுஷருக்குச் சாயங்காலம் என்று ஒன்றே கிடையாது. ரிடையரானவருக்குச் சாயங்காலமும் இல்லையென்றால் வேறு என்னதான் மிச்சம்?

முந்தின நாள் ஆட்டத்தில் எதிர் ஜோடியில் ஆடிய பிரிஸில்லா நாலு ஸ்பேட் ஏலம் எடுத்து, ஸ்பேடைத் துருப்பாக்கியிருந்தார். சுப்ரமணியன் முதல் சீட்டாகவே துருப்பை இறக்கினார். மறுபடி இறங்கும் முறை வந்ததும் மறுபடி துருப்பு. பிரிஸில்லா கவிழ்ந்தார். அன்று ராத்திரி சாப்பாட்டில் ரசத்துக்குப் பதிலாக இந்தப் பெருமையைத்தான் ஊற்றிக்கொண்டார். இப்போது கூட்டத்திலும் அதே பாடம்தான்.

“எதிராளி சின்னச் சின்ன துருப்பா வச்சிண்டு, நம்ம ஏஸை வெட்டலாம்னு காத்துண்டிருப்பான். நாமளே துருப்பா இறக்கிண்டே போனா, அவன் கையில இருக்கறதும் கூடவே விழுந்துடும். அப்புறம் எதை வச்சு வெட்டுவான்?”

“சீட்டுக்குச் சரி. இங்க எதை இறக்கப் போறேள்?”

“கிருஷ்ணப்பா என் மேல என்னென்ன குத்தம் சொல்லக் காத்துண்டிருக்காரோ, அதையெல்லாம் நானே முன்னாடி சொல்லிடப் போறேன்.”

ஜகதாம்பாள் அவர் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்த கிருஷ்ணப்பாவின் மனைவி ருக்மிணி சாய்ந்து, அவள் காதில் ஏதோ சொன்னாள். ஜகதாம்பாள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“ஏன்னா, ஒரு விஷயம், இதைக் கேட்டுட்டுப் போங்கோ.”

“ஷ். ஆட்டம் ஆரம்பிச்சப்புறம் பார்ட்னர் பேசினா கள்ளாட்டம்.”

“இது ஆட்டமில்லேன்னா.”

“எதுவா இருந்தாலும் அப்புறம்.”

இந்த ஒரு விதியில் மட்டும் மனுஷர் அரிச்சந்திரன். வீட்டில்கூட அதைத் தாராளமாக அமல்படுத்துவார்.

மேடை அருகே கிருஷ்ணப்பா வழிமறித்தார். “ஸார், ஸ்வல்ப இருங்க. நான் ரெண்டே வார்த்தை பேசிட்டு உக்காந்துடறேன்.”

“அதெப்படி? முதல் சீட்டு என்னுது” என்று சுப்ரமணியன் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

“விசிட்டர் பார்க்கிங்ல தார்ப்பாய் போர்த்தி ஒரு பழைய கார் நிக்கறதே, யாருதுன்னு எல்லாரும் கேட்டுண்டிருக்கேள். என்னுதுதான்.”

ஹாலில் சலசலப்பு. கிருஷ்ணப்பாவின் வாய் திறந்தது. ஒரு துருப்பு விழுந்தது என்று சுப்ரமணியன் மனசுக்குள் எண்ணிக்கொண்டார்.

“சீட்டு ரூம் ஏசி காமன் மீட்டர்ல ஓடறது. ஒயரை மாத்திக் குடுக்கச் சொன்னது நான்தான்.”

கிருஷ்ணப்பா திறந்த வாயை மூடவில்லை. இன்னொன்றும் விழுந்தது. சுப்ரமணியனுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது.

“போன கோடையில பாதி வீட்டுக்கு டேங்கர் தண்ணி வரலே. எவனோ வால்வைத் திருப்பிட்டான்னு கமிட்டி போட்டுத் தேடினோம். அந்தக் கமிட்டிக்கு நான்தான் தலைவர். வால்வைத் திருப்பினதும் நான்தான்.”

கடைசி வரிசையிலிருந்து ஐ.டி. கம்பெனி தருண் மெதுவாக எழுந்தான். “அங்கிள், அது நீங்களா? ஒரு வாரம் நான் குளிக்காம ஆபீஸ் போனேன், அங்கிள். கம்பெனி கார்ல பக்கத்துல யாருமே உக்காரல.”

“நானேதான்ப்பா. ஒளிவு மறைவே கிடையாது. இனிமே என்னைப் பத்திச் சொல்ல யார்கிட்டயும் ஒண்ணும் மிச்சமில்லே. சீட்டு ரூம் இனி உங்க எல்லார் கையிலயும்தான் இருக்கு.”

ஜெயித்த கையோடு வந்து உட்கார்ந்தார். ஜகதாம்பாள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

“பார்த்தியா, அவர் கையில இருந்ததெல்லாம் விழுந்துடுத்து.”

“யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுண்டதாம்” என்றாள் அவள், தலைப்பை எடுக்காமலே.

கிருஷ்ணப்பா மைக் முன்னால் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, சுப்ரமணியன் பக்கம் திரும்பினார்.

“ஸார், உங்களைப் பத்தி எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. பிபி ஜாஸ்தி, இந்த வேலையெல்லாம் வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் வாபஸ் வாங்கிக்கறேன், சுப்ரமணியன் ஸாரே போட்டியில்லாம செக்ரட்டரியா இருக்கட்டும்னு சொல்லத்தான் முதல்ல மைக் கேட்டேன்.”

ஒரு மடக்கு தண்ணீர் குடித்தார்.

“பிபி ஏறினா ஏறட்டும். இப்ப அந்த வாபஸை நான் வாபஸ் வாங்கிக்கறேன்.”