நாலு மில்லிமீற்றர்

வெள்ளவத்தைக் கடலோரமாக ரயில் போகிறது. மூன்றாம் மாடியில் டொக்டர் றிஷாட்டின் மேசைமீதுள்ள தண்ணீர்க் கிளாஸ் மெல்ல நடுங்குகிறது. யோகராணி அதைக் கவனிக்கவில்லை. கணினித் திரையில் அவளுடைய மலக்குடலின் எம்.ஆர்.ஐ. படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. போன கிழமை அந்த இரைகிற குழாய்க்குள் அவள் அசையாமல் கிடந்தபோது, ஒரு கத்தியும் படாமல் மெசின் இத்தனையையும் வரைந்தெடுத்திருக்கிறது. இருபத்தாறு வருடமாகப் பிளவுசுக்கு அளவெடுக்கிறவள் அவள். ஊராரின் உடம்பெல்லாம் அவளுடைய நாடாவுக்குத் தெரியும். தன்னுடையதை இப்போதுதான் பார்க்கிறாள், அதுவும் உள்பக்கத்தை. நடுவே சாம்பல் நிறத்தில் புற்றுக்கட்டி. அதைச் சுற்றி வெள்ளையாகக் கொழுப்பு. வெள்ளையைச் சுற்றி, ஒற்றை நூலால் தையல் ஓட்டினதுபோல ஒரு கறுப்புக் கோடு.

"இந்தக் கோட்டக் கட்டி தொடல்லம்மா," என்கிறார் டொக்டர். "நாலு மில்லிமீற்றர் தூரம் இருக்கு. கோட்டுக்கு வெளியால வெட்டினா முழுசா எடுக்கலாம்."

"நாலு மில்லிமீற்றரோ?" அவள் கதிரையை முன்னே இழுக்கிறாள். "நான் தையலுக்கே அரை இஞ்சி விட்டுத்தான் வெட்டுறனான்."

"எங்களுக்கு ஒரு மில்லிமீற்றருக்குக் குறையாம இருந்தாப் போதும்."

அவள் சுட்டுவிரலைத் தூக்கி, திரையைத் தொடாமல், சோக்கால் கீறுவதுபோல அந்தக் கோட்டின்மேல் மெல்ல மெல்லப் போகிறாள். கோடு எங்கேயும் அறாமல் தொடங்கிய இடத்துக்கே வந்துசேர்கிறது. அவள் மூச்சை விடுகிறாள்.

"துணி மிச்சம் இருக்கு, காணும் டொக்டர். வெட்டுங்கோ."