தானாகப் போகும் கை

சிலம்பம் கற்றுக்கொடுக்கும் நிவேதா பின்னால் வந்து தோளைத் தொட்டதும் பூபாலனின் சிலம்பக் கம்பு சுழன்றது. அவள் குனிந்து தப்பினாள்.

“இன்னாண்ணா, நேத்தும் இப்டித்தான். யாரு தொட்டாலும் அசையக் கூடாது, அதைக் கத்துக் குடுங்கன்னு நீங்கதான கேட்டீங்க?”

“கை தானா போவுது மாஸ்டர். இன்னொரு வாட்டி தொடுங்க.”

ஜமுனாமரத்தூர் மைதானத்தில் மற்றவர்கள் வேகமாக அடிக்கப் பழகினார்கள். பூபாலன் மட்டும் அடிக்காமல் இருக்கப் பழகினான். பின்னால் வரும் ஆளைத் திரும்பிப் பார்க்காமலே அடித்து, மாவட்டப் போட்டியில் கோப்பை வாங்கியவன் அவன்.

பயிற்சி தொடங்கியபோது விதைத்த சாமை அறுப்புக்கு வந்துவிட்டது. அன்று நிவேதா சத்தமில்லாமல் வந்து இரண்டு கைகளாலும் அவன் கண்களைப் பொத்தினாள். கம்பு அசையவில்லை.

“ஜெயிச்சிட்டீங்கண்ணா!” என்று கத்தியவள், தன் விரல்கள் ஈரமாக இருப்பதைப் பார்த்தாள்.

பூபாலன் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பள்ளிக்கூடம் விட்டு மகள் அபிநயா வரும் சத்தம் கேட்டது.

“கண்ணு, பின்னால வந்து அப்பா கண்ணைப் பொத்து. யாருன்னு சொல்றேன்.”

காலடிச் சத்தம் நின்றது. அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, ஒரு கம்பு நீளத்துக்குத் தள்ளியே நின்றாள். போன வருஷம் அப்படிப் பொத்த வந்தபோது அடிபட்டுக் கோணிப்போன வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“நான்தாம்ப்பா... அடிச்சிடாத.”