ஏழு வாலும் மூன்று முட்டையும்

எலுமிச்சைச் செடியில் இலையைத் தைத்துக் கூடு கட்டி, மூன்று முட்டையோடு உட்கார்ந்திருந்தது ஒரு தையல்சிட்டு. பக்கத்து வேலியை ஆண்ட செண்பகப் பறவை முட்டை தின்ன வந்து, "இந்தச் செடியும் என்னோடதுதான், கிளம்பு" என்றது.

"யாரைக் கேட்டு?" என்று சிட்டு அதன் மூக்கிலேயே கொத்தியது.

"நான் சொன்னேன், போதாதா?"

எதிர் முருங்கையில் தவிட்டுக்குருவி அக்கா தங்கைகள் ஏழு பேரும் கூச்சலோடு கூட்டம் போட்டார்கள். அங்கே எதுவும் தூக்கிய வாலை எண்ணித்தான் முடிவாகும்.

"இதுகளா? ஒரு புழுவைத் தின்னவே சாயங்காலம்வரை பேசுமே!" என்று செண்பகம் சிரித்தது.

உதவிக்குப் போகலாமென்று மூன்று வால் எழுந்தது, மூன்று எழவில்லை. மிச்சம் இருந்தவள் பேச்சி. போனால் நம்மையும் விழுங்கிவிடுமோ? போகாவிட்டால், 'நான் சொன்னேன்' என்று நாளைக்கு முருங்கைக்கும் வருமே! அப்புறம் இந்த வாலை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது? நினைக்கும்போதே வால் தானாக எழுந்துவிட்டது.

ஏழு பேரும் பறந்தார்கள். எந்தப் பக்கம் வளைப்பது என்று வழியெல்லாம் சண்டை. அந்தக் கூச்சலிலேயே செண்பகத்துக்குத் தலை சுற்றியது. சிட்டு வேறு விடாமல் கொத்தியது.

"சரி, சமாதானம். ஒரே ஒரு முட்டை கொடுங்க, போயிடறேன்."

"ஒண்ணுதானே, கொடுத்துடலாமே" என்றாள் வால் தூக்காத மூத்தவள்.

"கொடேன் அக்கா, உன் கூட்டிலேருந்து!" என்றாள் பேச்சி.

ஏழு பேரும் ஒன்றாகப் பாய, செண்பகம் விழுந்தடித்து வேலிக்குள் ஓடியபோது, அதன் வாலைக் கவ்விக்கொண்டு பின்னால் தொங்கியவள் மூத்தவள்தான்.